தண்ணிக்குக் குடுத்த ஊரின் வாசல்

“...வாசல் இல்லாம ஒரு வீடு ஈக்குமா மகன்? நல்லாப் பாத்துக் கீறச் செல்லுங்க அந்தத் தொரைட்ட.”

இதைச் சொன்னவர் ஸித்தி பாத்தும்மா ராத்தா. சொன்ன இடம் கண்டிக்குப் பக்கத்தில், பழைய தெல்தெனியவில் ஒரு வீடு. வீடு என்றால் கூரை கிடையாது, கதவு கிடையாது. முழங்கால் உயரத்துக்குச் சுவரும் சீமெந்துத் தரையும்தான் மிச்சம். ‘தொரை’ என்றது அந்தத் தரையில் உட்கார்ந்து வீட்டைப் படமாகக் கீறிக்கொண்டிருந்த தோமஸ் என்ற வெள்ளைக்காரரை. ராத்தா தமிழில் சொல்வதை அவருக்கு இங்கிலீசில் சொல்ல வேண்டியவன் நான். வெளியே, செருப்பைக் கையில் பிடித்தபடி வெயிலில் நின்றவர் காதர் நானா. எனக்கு மேலதிகாரி, ராத்தாவுக்குக் கூடப்பிறந்த தம்பி. அக்காவை ராத்தா, அண்ணனை நானா, ‘இருக்குமா’வை ‘ஈக்குமா’, ‘சொல்லுங்க’வைச் ‘செல்லுங்க’ என்று பேசுகிற முஸ்லிம் குடும்பம்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு ராத்தா என்ன செய்தார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்த வாசலில் யார் யார் ஏன் நின்றார்கள் என்று தெரியாமல் அதைச் சொன்னால் உப்பில்லாமல் போய்விடும். கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும். சுற்றுலா வான் ஓட்டியவனுக்குச் சுற்று வழி புதிதல்ல.

எங்கள் சுற்றுலா வழிகாட்டிகள் சங்கத்துப் பிள்ளைகள் சிலர் போன மழைக்காலத்தில் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு தங்கச்சியின் கைப்பேசியில் விளம்பரம் ஒன்று இருந்தது. கண்டியைச் சுற்றியுள்ள மாய உலகங்கள் என்று தலைப்பு. மந்திரவாதியின் கோபுரம், தேவதைகளின் காடு, மூழ்கிய ராஜ்ஜியம் என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பெயர். “அங்கிள், மாயக்கதை நாவல் வாசிக்கிறவங்கள நீங்க அந்தக் காலத்துலயே இதுக்கெல்லாம் கூட்டிட்டுப் போனீங்களாமே. எப்படிக் காட்டினீங்கன்னு சங்க மலருக்கு எழுதித் தாங்களேன்” என்றாள். மூழ்கிய ராஜ்ஜியம் என்று போட்டிருந்த படத்தைப் பார்த்தேன். அதே தெல்தெனிய. அதே மாதிரியான முழங்கால் சுவர்கள். சரி, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பிறந்தது கண்டியில், கட்டுகலை. அப்பா மாநகர சபையில் தண்ணீர்க் குழாய் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்தார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, கண்டியிலேயே திருகோணமலை வீதியில் இருந்த ஒரு சுற்றுலாக் கம்பெனியில் வான் கழுவச் சேர்ந்தேன். கழுவியவன் ஓட்டினேன், ஓட்டியவன் பேசவும் தொடங்கினேன். பேச்சுக்கு இங்கிலீசு வேண்டுமே? அதை எனக்குக் கற்றுத் தந்தவை, பயணிகள் சீட்டுக்குப் பின்னால் உள்ள பையில் மறந்துவிட்டுப் போன புத்தகங்கள். அவர்கள் புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகைக்குள் போய்த் திரும்பும் வரை வானுக்குள் இருந்து வாசிப்பேன். முக்கால்வாசியும் தலையணை மாதிரித் தடித்த மாய உலக நாவல்கள். ஆரம்பத்தில் கதை எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியது முதல் பக்கத்தில் இருந்த வரைபடம். மலை, ஆறு, கணவாய், காட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் கோபுரம். எல்லாவற்றுக்கும் பெயர். அந்தப் பெயர்களை வைத்துக்கொண்டுதான் கதைக்குள் போனேன். வழி தெரிந்தால் பாஷை பின்னால் வந்துவிடும் என்று எனக்குப் பிடிபட்டது அப்படித்தான்.

அந்தப் புத்தகங்களை வாசிக்கிறவர்களை முகத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். ஹந்தானையில் மூடுபனி இறங்கும்போது மற்றவர்கள் ஜன்னலை மூடுவார்கள், இவர்கள் திறப்பார்கள். உடவத்தகலைக் காட்டில் கொடிகள் மரத்தை மரத்தோடு கட்டிப்போட்டிருக்கும் இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அம்புலுவாவைக் கோபுரத்தில் வெளிப்பக்கமாகச் சுற்றிச் சுற்றிப் போகும் படிக்கட்டு, மேலே போகப் போக ஓர் ஆள் அகலத்துக்குக் குறுகும். அதில் ஏறிவிட்டு வெளிறிப்போய் இறங்குகிறவர்களுக்கு உப்பும் மிளகாயும் போட்ட புளிப்பு வெரளுக்காய் விற்பார் செல்லம்மாக்கா. “ஏறும்போது சாமி ஞாபகம், எறங்கினதும் உப்பு ஞாபகம். ரெண்டுமே பயத்தால வர்றதுதான், வாங்க வாங்க” என்பார். நான் அதை மொழிபெயர்த்தால் பயணிகள் இன்னொரு பை வாங்குவார்கள்.

மீமுரேயில் லக்கேகல மலையைக் காட்டி, அதன் உச்சியில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு பெண் கேட்டார். அவர் கண்ணுக்கு அது ஏதோ ஓர் அரக்கனின் கோட்டை. வயலில் நின்ற அப்புஹாமியிடம் கேட்டுச் சொன்னேன். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிங்களத்தில் சொன்ன பதில் இது: “மேலே யாரும் இல்லை. ஆனால் அந்த மலை எங்களுக்குப் பொழுதைச் சீக்கிரம் சாத்திவிடும். அதனால் எங்கள் ஊரில் விளக்குக்குத்தான் வேலை அதிகம்.” அந்தப் பெண் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒரு வரி இல்லை என்றார்.

செல்லம்மாக்காவின் பெயரும் அப்புஹாமியின் பெயரும் எனக்கு எப்படித் தெரிந்தன என்றால், அதற்குக் காரணம் காதர் நானா.

காதர் நானா எங்கள் அலுவலக மனேஜர். அலவத்துகொடையிலிருந்து பஸ்ஸில் வருவார். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி. சத்தம் போட்டு யாரையும் ஏசினதில்லை. ஆனால் அவர் முன்னால் ‘வழி சொல்லுவது’ என்று ஒரு சடங்கு இருந்தது. அதற்குப் பயப்படாத டிரைவர் எங்கள் கம்பெனியில் கிடையாது. காலையில் வண்டி எடுக்குமுன் அவர் கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு, கண்ணை மூடி உட்காருவார். நாம் பின்னால் நின்றுகொண்டு, முற்றத்திலிருந்து கடைசித் தரிப்பு வரைக்கும் அன்றைய பாதையை வாயால் ஓட்டிக்காட்ட வேண்டும். எந்த வளைவில் கியர் மாற்றுவோம், எங்கே பயணிக்கு மலை இடப்பக்கம் வரும், எங்கே கழிப்பறை, எல்லாம். அவர் கண்ணுக்குள் அந்த வழி ஓடும். நாம் ஒரு வளைவை விட்டுவிட்டால் கையைத் தூக்குவார்.

சேர்ந்த புதிதில் நான் வழி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

“பிலிமத்தலாவையில பித்தளக் கடைக்கிட்ட நிப்பாட்டுவேன், நானா.”

“அங்க யாரு ஈக்கிறது?”

“கடைக்காரரு.”

“கடக்காரர்னுதானா அவர்ட உம்மா அவருக்குப் பேரு வெச்சாங்க?”

பின்னால் வரிசையில் நின்ற டிரைவர்மார் சிரித்தார்கள். நானா சிரிக்கவில்லை. “ஒரு ஆள்ட பேராவது தெரியாத எடத்துல வண்டிய நிப்பாட்டாதீங்க தம்பி. பேரு தெரியாட்டி நாம அங்க போகல்ல, பார்த்தோம், அவ்வளவுதான்” என்றார். அன்றைக்குப் பிலிமத்தலாவையில் நான் முதலில் செய்தது, கடைக்குள் போய் அந்த மனிதரின் பெயரைக் கேட்டது. கடன் வசூலிக்க வந்தவன் என்று நினைத்து அவர் பின்வாங்கியது தனிக்கதை.

இன்னும் இரண்டு கட்டளைகள் அவரிடம் உண்டு. காட்சி வருகிற இடத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். முதல் வார்த்தை பயணியின் வார்த்தையாக இருக்க வேண்டும். மற்றது, எந்த இடத்தையும் ‘ஆளில்லாத இடம்’ என்று சொல்லக் கூடாது. மாயக்கதை வாசிக்கிறவர்கள் அதைத்தான் கேட்டு வருவார்கள்: யாரும் தொடாத காடு, யாரும் காணாத மலை. “யாரும் தொடாத காடுன்னா நீங்க போற பாத யாரு வெட்டினது?” என்பார் நானா.

ஆனால் ஒரே ஓர் இடத்தில் மட்டும் அவரே அவருடைய சட்டத்தை மறந்தவர் போல் இருப்பார். ஹுன்னஸ்கிரியப் பக்கம் போகிற வழியைச் சொல்லும்போது, குண்டசாலை, திகன தாண்டி, “இங்கேருந்து வலப்பக்கம் விக்டோரியா அணைத் தண்ணி தெரியும், நானா” என்று சொல்வோம். அங்கே அவர் யாருடைய பெயரையும் கேட்க மாட்டார். “சரி, மேல செல்லுங்க” என்பார். எப்போதும் அதே வார்த்தை, அதே வேகம். பல வருடம் எனக்குக் காரணம் தெரியாது.

தெரிந்தது ஒரு கலியாணத்துக்குப் போன நாளில். புதிய தெல்தெனிய நகரத்தில் அவருடைய உறவில் ஒரு நிக்காஹ். வானில் நான்தான் கொண்டுபோனேன். திரும்பும் வழியில் ஒரு சின்ன வீட்டுக்கு முன்னால் நிறுத்தச் சொன்னார். அவர் இறங்கவில்லை. உள்ளே இருந்து யாரும் வெளியே வரவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு பெண்பிள்ளை தட்டில் தேத்தண்ணி கொண்டு வந்தாள். ஒரே ஒரு கோப்பை. “டிரைவர் நானாக்கு” என்று என் பக்கம் நீட்டினாள். பக்கத்தில் இருந்த மனிதரை அவள் பார்க்கக்கூட இல்லை. பார்க்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

நான் கோப்பையைக் கையிலேயே வைத்திருந்தேன். நானா முன்கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார்: “குடிங்க தம்பி. ராத்தாட தேத்தண்ணிக் கை வேற யாருக்கும் வராது.”

திகன வந்ததும் அவராகவே சொன்னார். பழைய தெல்தெனியதான் அவர்கள் ஊர். அணை கட்டுவதற்காக ஊரைக் காலி செய்யச் சொன்னபோது வாப்பா மௌத்தாகி அடக்கமாகியிருந்தார். வீடு நானாவின் பெயரில் இருந்தது. ராத்தா புருஷனை இழந்து அந்த வீட்டுக்கே திரும்பி வந்திருந்தவர். “ஊரக் குடுக்க எல்லாரும் கையெழுத்து வெக்கத்தான் ஈந்தது தம்பி. வெக்காம ஏலா. ஆனா நான் முந்தி வெச்சேன். ராத்தாட்ட ஒரு வார்த்த கேக்கல்ல. கேட்டா அழுவாங்கன்னு கேக்கல்ல. அதுதான். அவங்கட கோவம் கையெழுத்துக்கு இல்ல, கேக்காததுக்குத்தான்.”

தண்ணீர் முற்றத்துக்கு வரும் வரை ராத்தா அந்த வீட்டை விட்டு எழும்பவில்லையாம். பிறகு அவருக்குப் புதிய நகரத்தில் காணி கிடைத்தது. நானா மனைவியின் ஊரான அலவத்துகொடைக்குப் போனார். ராத்தாவின் புதிய வீட்டுப் படியை அவர் ஒருநாளும் மிதித்ததில்லை. போவார், வெளியே நிற்பார், வருவார். “அது அவங்கட வீடு. கூப்பிடாம எப்படிப் போறது?” என்றார். அந்த மனிதருக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான். உள்ளுக்கு வா என்று ஒரு வார்த்தை.

அதற்குப் பிறகு சில வருடம் கழித்து ஒரு பெரிய வறட்சி வந்தது. மழை பொய்த்து, நீர்த்தேக்கம் வற்றி, பழைய ஊர் வெளியே வந்தது. பத்திரிகையில் படம் போட்டார்கள். கண்டியிலிருந்து குடும்பம் குடும்பமாகப் பார்க்கப் போனார்கள். அந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து எங்கள் முதலாளி செய்தி அனுப்பினார்: தோமஸ் என்று ஒருவர் வருகிறார், நீருக்குள்ளிருந்து எழும்பிய ஊரைப் பார்க்க வேண்டுமாம், காட்டுங்கள்.

அதுவரைக்கும் அந்த இடத்தைக் கேட்ட எல்லாரையும் நானா ஏதாவது சொல்லி மலைப்பக்கம் திருப்பிவிட்டிருந்தார். இது முதலாளியின் வார்த்தை, திருப்ப முடியாது.

மறுநாள் காலை கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்கார்ந்தார். நான் வழி சொன்னேன். குண்டசாலை, திகன, தண்ணீர் தெரிய வேண்டிய இடத்தில் இப்போது சேறு தெரியும், அங்கிருந்து கீழே இறங்கும் பாதை, கோயில் அடித்தளத்துக்குப் பக்கத்தில் நிறுத்துவேன். சொல்லி முடித்தேன். “சரி, மேல செல்லுங்க” என்று அவர் சொல்லவில்லை. மேலே சொல்ல வழியும் இல்லை.

“அங்க யாரு ஈக்கிறது?” என்றார்.

“எனக்கு ஒரு பேர் தெரியும், நானா.”

“செல்லுங்க.”

“ஸித்தி பாத்தும்மா.”

நான் வேண்டுமென்று சொல்லவில்லை. தண்ணீர் இறங்கியதிலிருந்து ராத்தா தினமும் பழைய வீட்டுக்குப் போய்க் கூட்டுகிறார் என்று தெல்தெனிய பஸ் டிரைவர்மார் பேசிக்கொண்டது என் காதில் விழுந்திருந்தது. கேட்ட கேள்விக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான்.

நானா கண்ணைத் திறந்தார். கதிரையை எங்கள் பக்கம் திருப்பினார். “அந்தப் பேர நீங்க செல்லிட்டு, நான் இங்க கதிரையில ஈக்க ஏலா. நானும் வாறேன்” என்றார்.

தோமஸ் வயதானவர். மெலிந்த உடம்பு, கை நடுக்கம், நல்ல சிரிப்பு. அவருடைய தொழிலைக் கேட்டதும் எனக்கு வானை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுக் கைகொடுக்க வேண்டும் போல் இருந்தது. அந்தத் தடித்த புத்தகங்களின் முதல் பக்கத்து வரைபடங்களைக் கீறுகிறவர் அவர்! இல்லாத நாடுகளின் மலைகளும் ஆறுகளும் அவர் கையால் வந்தவை. அப்படிப்பட்ட படங்களைப் பிடித்துக்கொண்டுதான் நான் இங்கிலீசுக்குள் போனேன் என்று சொன்னேன். சந்தோஷப்பட்டார். “கை நடுங்கத் தொடங்கியபின் என் கடற்கரைகள் முன்பைவிட நன்றாக வருகின்றன. நேர்ச்சுவர்தான் வர மறுக்கிறது” என்றார். இப்போது ஒரு நாவலுக்கு மூழ்கிய நகரம் ஒன்று கீற வேண்டியிருக்கிறது, உண்மையில் அப்படி ஓர் ஊர் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் வந்தேன் என்றார். முன் சீட்டில் இருந்த நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

இறங்கிய இடத்தில் எஞ்சினை நிறுத்தி வாயை மூடிக்கொண்டேன். வெடித்த சேறு, வெட்டி விட்டுப்போன மரங்களின் கறுத்த அடிக்கட்டைகள், கோயிலின் கல், விகாரையின் மேடை, பள்ளிவாசலின் தூண். வெயிலில் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். தோமஸின் முதல் வார்த்தை வந்தது: “மூழ்கிய ராஜ்ஜியம்.”

பார்க்க வந்த கூட்டம் சுவர்களைத் தாண்டித் தாண்டிக் குறுக்கே நடந்துகொண்டிருந்தது. ஆனால் இன்னொரு வகை மனிதர்களும் அங்கே இருந்தார்கள். வயதானவர்கள், கையில் தரை கூட்டும் தும்புத்தடியோடு வந்தவர்கள். அந்த ஊர்க்காரர்களுக்குள் யாரும் சொல்லாமலே அப்படி ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது: தண்ணீர் இறங்கினால் அவரவர் வீட்டுத் தரையை அவரவர் வந்து கூட்டுவார்கள். அவர்கள் குறுக்கே நடக்கவில்லை. தெருவே இல்லாத இடத்தில் தெருவழியே போனார்கள்; முனை இல்லாத இடத்தில் முனை திரும்பினார்கள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்ட நானாவும் அப்படியே நடந்தார். நேரே போகக்கூடிய இடத்தில் வலப்பக்கம் திரும்பி, பிறகு இடப்பக்கம் திரும்பினார். தோமஸ் என்னைப் பார்த்தார். நான் நானாவின் பின்னால் நடந்தேன். தோமஸும் அப்படியே வந்தார்.

ராத்தா முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு கூட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டார். வீட்டுக்குக் கிட்ட வந்ததும் எங்களுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்ட தம்பியையும் கண்டார். கூட்டுவதை நிறுத்தினார். கையிலிருந்த தும்புத்தடியை வாசலுக்குக் குறுக்கே, சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு, படுக்க வைத்தார்.

தோமஸுக்கு அது என்ன தெரியும்? வாசல் அடைத்திருக்கிறது என்று எண்ணி, பக்கத்துச் சுவருக்கு மேலால் ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார்.

“மேலால வராதீங்க! அது எங்கட அலுமாரி வெச்ச எடம். வாசலால வாங்க.”

நான் சொன்னதும் தோமஸ், தூங்குகிறவரை மிதித்துவிட்டவர் போலக் காலை எடுத்தார். சுற்றி வாசலுக்கு வந்தார். ராத்தா தடியை எடுத்தார்; தோமஸும் நானும் உள்ளே போனோம். தடியை மறுபடி குறுக்கே வைத்தார். நானா படிக்கு வெளியே நின்றார். தடி அவருக்குத்தான் என்று அவருக்குத் தெரியும்.

தோமஸ் மிகப் பணிவாக ஒரு கேள்வி கேட்டார். அதை நான் இப்படித் தமிழாக்கினேன்: “ஊர் மூழ்கினப்போ நீங்க எங்க இருந்தீங்கன்னு கேக்குறாரு, ராத்தா.”

“மூழ்கினதா? மூழ்கிறது கப்பலு மகன். இது மூழ்கல்ல. இது குடுத்தது. தண்ணிக்குக் குடுத்த ஊரு.” பிறகு குரலை உயர்த்தி, என்னைப் பார்த்து, ஆனால் எனக்கில்லாமல் சொன்னார்: “யாரு குடுத்ததுன்னும் கேக்கச் செல்லுங்க.”

என் தொழிலில் எத்தனையோ பேச்சை இந்தப் பாஷையிலிருந்து அந்தப் பாஷைக்கு ஏற்றி இறக்கியிருக்கிறேன். அந்த வரி மட்டும் என் வாயில் ஏறவில்லை. தோமஸ் காத்திருந்தார். அப்போது வெளியிலிருந்து நானா இங்கிலீசில் சொன்னார், நான்தான் கொடுத்தேன் என்று.

“என்ன செல்லினது?” என்று ராத்தா என்னிடம் கேட்டார்.

“நான்தான் குடுத்தேன்னு சொல்றாரு.”

“அது எனக்குத் தெரியும். தொரைக்கும் தெரியட்டும்.”

அதன் பிறகு தோமஸ் ராஜ்ஜியம் என்ற வார்த்தையை எடுக்கவே இல்லை. உட்காரலாமா என்று கேட்டு, தரையில் உட்கார்ந்து, பெரிய தாள் ஒன்றை மடியில் விரித்தார். எந்த அறை எது என்று சொல்வீர்களா, பெயர் எழுத வேண்டும், நான் கீறுகிற நாடுகளில் பெயர் இல்லாத இடம் இருக்காது என்றார். நானாவின் முதுகு கொஞ்சம் நிமிர்ந்ததைக் கண்டேன்.

ராத்தா நடந்து நடந்து காட்டினார். “இது சால, வந்தவங்க இருக்கிற எடம். இதில உம்மாட கட்டில். இது சோறாக்கின குசினி. இது மழைக்கு ஒழுகுற மூல. சட்டி வெச்ச தழும்பு பாருங்க, இன்னம் ஈக்கிது. இவ்வளவு தண்ணிக்குள்ள கெடந்தும் போகல்ல.” சொல்லும்போது அவர் முகம் இளகிக்கொண்டே போனது. நான் எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்ல, தோமஸ் நடுங்கும் கையால் பெயர்களை எழுதினார். வாசலை ஒட்டிய சின்ன அறைக்கு வந்தபோது தோமஸ் பென்சிலைத் தூக்கி, “இது?” என்றார்.

ராத்தா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“அது காதர்ட காம்பரா.”

காதருடைய அறையாக இருந்தது என்று சொல்லவில்லை. காதருடைய அறை என்றார். வெளியே நானா செருப்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

படம் முடிந்தது. தோமஸ் அதை ராத்தாவிடம் கொடுத்தார். அவர் அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். “சொவரெல்லாம் மகாவலி மாதிரி வளைஞ்சி வளைஞ்சி போகுது” என்றார். நான் சொன்னதும் தோமஸ் வாய்விட்டுச் சிரித்தார். ராத்தாவுக்கும் சிரிப்பு வந்தது. விரலால் வெளிச்சுவரைத் தொட்டுக்கொண்டே படத்தைச் சுற்றி வந்தார். ஒரு சுற்று வந்து, மறுபடி சுற்றினார். சிரிப்பு நின்றது.

“வாசல் எங்க?”

தோமஸ் எழும்பி வந்து பார்த்தார். வாசல் இருக்க வேண்டிய இடத்தில் சுவரோடு சுவராக ஒரு கோடு போயிருந்தது. அவர் விளக்கம் சொன்னார். நான் ராத்தாவிடம் சொன்னேன்: “வாசல்ல தடி கெடந்திச்சாம். மூடி வச்சிருக்கீங்கன்னு நெனச்சு அந்த எடத்துல கோடு போட்டுட்டாராம்.”

“அதெப்படி? வாசல் இல்லாம ஒரு வீடு ஈக்குமா மகன்? நல்லாப் பாத்துக் கீறச் செல்லுங்க அந்தத் தொரைட்ட.”

சொன்னேன். தோமஸ் பென்சிலைக் கையில் எடுத்தார். நல்லபடி பார்த்துக் கீறுவதற்காக வாசல் பக்கம் திரும்பினார். நானும் திரும்பினேன். ராத்தாவும் திரும்பினார். தும்புத்தடி கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம், சுட்ட சேற்றில், நானாவின் இரண்டு வெறுங்கால்கள் நின்றன.

தோமஸ் பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தார்.

ராத்தா படத்தை என் கையில் தந்தார். வாசலுக்குப் போனார். குனிந்து தும்புத்தடியை எடுத்தார். படியில் படிந்திருந்த தூசியை ஒரு தரம் கூட்டி வெளியே தள்ளினார். தம்பியின் கால்கள் ஒதுங்கிக் கொடுத்தன. பிறகு தடியைச் சுவரில் சாய்த்து வைத்தார். முகத்தை நிமிர்த்தாமலே குசினிப் பக்கம் போய், பைக்குள்ளிருந்த பிளாஸ்கை எடுத்து, அதன் மூடியில் தேத்தண்ணி ஊற்றினார். அதை எனக்கும் நீட்டவில்லை, தோமஸுக்கும் நீட்டவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போய், நானாவின் சின்னக் காம்பராவுக்குள், தரையில் வைத்தார்.